ஒரே அலைதான், காயம் ஒன்றல்ல



டிசம்பர் 26 வந்தால் சுனாமியில் இறந்தவர்களை நினைக்கிறோம். 2004-ல் தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். பிழைத்தவர்கள் மனசு என்ன ஆனது என்பதும் சரித்திரம்தான். அதை நான் வகுப்பில் நடத்தியதில்லை, பாடப் புத்தகத்தில் அது இல்லை.

பெரிய ஆபத்தைக் கண்ட சிலருக்கு மாதக்கணக்கில் அதே காட்சி கனவில் வரும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். அந்தப் பக்கமே போக மாட்டார்கள். முதல் உலகப் போரில் இப்படி நடுங்கிய சிப்பாய்களின் நிலையை 1915-ல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். ஆனாலும் அந்தப் போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006-ல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பலர் இந்த நோயாளிகள் என்று இன்று கருதுகிறார்கள். பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980-ல்.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. நூற்றுக்கு சுமார் 13 பேருக்கு இந்த நோய். யாருக்கு அதிகம் தெரியுமா? வீட்டில் வருமானமே நின்றுபோனவர்களுக்கு, பெண்களுக்கு, உடம்பில் காயம் பட்டவர்களுக்கு. ஆக, மனதைக் காக்க ஒரு வழி, மறுபடியும் பிழைப்புக்கு வழி செய்வது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நாகப்பட்டினம் பகுதி மக்களிடம் பேசி 2008-ல் வெளியிட்ட கட்டுரை இன்னொன்று சொல்கிறது. தங்களைத் தாங்கியது குடும்பமும் ஊர்ச்சனமும் தெய்வ நம்பிக்கையும் என்றே அந்த மக்கள் சொன்னார்கள். துக்கத்தைச் சேர்ந்து சுமந்தார்கள்.

பொள்ளாச்சிக்குக் கடல் தூரம். ஆனால் 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் நமக்குள்ளும் உண்டு. சாலை விபத்தில் தப்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம், "இன்னுமா அதையே நெனச்சுட்டு இருக்கறே? தைரியமா இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் உட்காருங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். வேலை போயிருந்தால் ஒரு வழி பாருங்கள். மாதம் ஒன்று தாண்டியும் தூக்கம் வரவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, செலவில்லை.

நலமாக இருங்கள்.