இசைத்தட்டின் வேகமும் பாடகரின் சுருதியும்

தமிழ் நாடக இசை வரலாற்றை ஆராய்வோர்க்கு இசைத்தட்டு முதன்மைச் சான்றாகும். 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா பேசும்படம் எதிலும் நடித்தவரல்லர். அவர்தம் குரலை இன்று நாம் அறிவதற்கு அரக்குத் தட்டுகளே வாயில். அச்சான்றை எக்கருவியின் வழியாகக் கேட்கிறோம் என்பது ஆய்வாளர் பொருட்படுத்த வேண்டிய வினாவென நாம் கருதுகிறோம்.

அயல்நாட்டில் முனைவர்ப் பட்டத்திற்கு ஆய்ந்த காலத்தில், தொடக்கநிலையினர் வாங்கும் மலிவான சுழல்மேடை ஒன்றை வாங்கினோம். 78 என்னும் எண் பொறித்த விசை அதில் இருந்தமையால் பழைய தட்டுகளுக்கும் அது பொருந்தும் என நம்பினோம். கேட்டதோ பெரும்பாலும் இரைச்சலே. காரணம் ஊசியில் இருந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட வினைல் நெடுந்தட்டின் வரிப்பள்ளம் மிக நுண்ணியது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. அரக்குத் தட்டுக்கோ ஏறத்தாழ மூன்று பங்கு வேண்டும். சிறிய முனை பள்ளத்தின் அடியில் வீழ்ந்து, அங்குப் படிந்த துகளையே ‘வாசித்தது’. எடைக்கட்டுப்பாடு அற்ற அக்கருவியின் கையோ தட்டை அழுத்தித் தேய்த்தது. ஒரு தட்டை இவ்வாறு நாமே கெடுத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர் எதிரெடையும் கழற்றி மாற்றத்தக்க ஊசித்தலையும் உடைய கருவிக்கு மாறினோம். வினைலுக்கு ஒரு தலை, அரக்குக்கு ஒரு தலை. முன்பெருக்கியும் ஒரு சிக்கலைத் தந்தது. தாழ்சுரங்களைக் குறைத்தும் உச்சசுரங்களைக் கூட்டியும் பதிந்து, இசைக்கும்போது அதனை நேர்செய்யும் பொது அளவை அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலமைப்பு 1954இல்தான் வகுத்தது. அதற்கு முற்பட்ட தட்டுகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டன. இற்றை முன்பெருக்கி அவற்றையும் 1954ஆம் ஆண்டின் அளவாலேயே திருத்திவிடுகிறது.

இவற்றினும் வரலாற்றாய்வைப் பெரிதும் தாக்குவது வேகம். ‘78’ என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற எண். 50 சுழற்சி மின்சாரம் வழங்கும் நாடுகளில் அது 77.92 எனவும், 60 சுழற்சி நாடுகளில் 78.26 எனவும் அமைந்தது. இவ்வேறுபாடு செவிக்கு எட்டாது. ஆனால் தொடக்ககாலப் பதிவுகள் பல இவ்வெண்ணுக்குக் கட்டுப்பட்டவையல்ல. நிமிடத்திற்கு 74 சுற்றில் பதிந்த தட்டை 78இல் சுழற்றினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும். பாட்டின் நடையும் விரையும். அக்காலப் பாடகர் இத்தனைக் கட்டையில் பாடினார் என ஒலிப்படியை மட்டும் கொண்டு துணிவோர் (நம்முள் பலர் இவ்வாறு எழுதியுள்ளோம்) சுழல்மேடையின் விசையையே அளந்திருக்கக்கூடும். வேகத்தைச் சிறுகச் சிறுக மாற்றும் வசதியும், கோடுகள் நிற்பது போலத் தோன்றும் சோதனை வட்டும் இருப்பின், ஆர்மோனியச் சுரத்தோடு ஒப்பிட்டு ஓரளவு மீட்டெடுக்கலாம். ஆர்மோனியம் எவ்வளவு சுதி சேர்ந்திருந்தது என்பது வேறு கேள்வி.

கட்டை பற்றிக் கட்டுரை எழுதி வரும் மாணவரிடம், தட்டு எந்த வேகத்தில் சுழன்றது என்பதையே இப்போது நாம் முதலில் வினவுகிறோம்.