பேராதனைப் பல்கலைக்கழக விடுதிகள்

இலங்கையின் மலைநாட்டில், கண்டி நகருக்கு அண்மையில், மகாவலி ஆற்றுக்கும் ஹந்தானை மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கிறது பேராதனைப் பல்கலைக்கழகம். சுமார் 700 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த வளாகத்துக்குள் மாணவர்கள் தங்கிப் படிப்பதற்கென எழுப்பப்பட்ட குடியிருப்புகளே பேராதனை விடுதிகள். தெற்காசியாவில் பல பல்கலைக்கழகங்கள் முதலில் வகுப்பறைகளைக் கட்டிவிட்டுப் பிறகுதான் விடுதிகளைப் பற்றி யோசித்தன. பேராதனையில் இரண்டும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. இலங்கையின் முதல் வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற பெயர் இதற்கு வந்தது அப்படித்தான்.

தோற்றம்

இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னோடி சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுமையான பல்கலைக்கழகம் எங்கே அமைவது என்ற கேள்வி மட்டும் அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தலைநகரிலேயே இருக்கட்டும் என்றது ஒரு தரப்பு. நகரத்தின் சந்தடியிலிருந்து விலகி, ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் வாழும் வளாகம் கண்டிப் பக்கம் அமையட்டும் என்றது மறுதரப்பு. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்த்தன கண்டிக்காக முனைந்து வாதாடியவர்களில் ஒருவர். முடிவில் வதிவிடத் திட்டமே வென்று, இடமாகப் பேராதனை தெரிவானது.

1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். பேராதனை வளாகத்தின் திட்ட வரைபடத்தைத் தயாரித்தவர் பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் சேர் பற்றிக் அபர்குரொம்பி. கட்டடங்களுக்கு உருவம் கொடுத்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ். வளாகத்தில் உள்ள அல்விஸ் குளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1952இல் கலைப் பிரிவுகளும் நூலகமும் கொழும்பிலிருந்து பேராதனைக்குக் குடிபெயர்ந்தன. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி, இரண்டாம் எலிசபெத் மகாராணியார் இலங்கை வந்திருந்தபோது, திறப்பு விழா நடந்தது.

கட்டட அமைப்பு

கண்டிப் பாணியின் இரட்டைச் சரிவு ஓட்டுக்கூரை, கல்தூண்கள், நீண்ட திறந்த நடைகள், நடுவே முற்றம் என்று பழைய விடுதிகளில் உள்ளூர் மரபு துலங்குகிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய பண்டைய தலைநகரங்களின் கட்டடக் கூறுகளை டி அல்விஸ் புதிய தேவைக்கு ஏற்ப எடுத்தாண்டார். மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே கட்டியதால் ஒவ்வொரு விடுதியும் வெவ்வேறு உயரத்தில் நிற்கிறது. கலகா வீதியில் நடந்து போகிறவருக்கு ஒன்று தலைக்கு மேலே தெரியும், அடுத்தது மரங்களுக்கு இடையே கீழே தெரியும். வளாகத்துக்கென்றே 'சரசவி உயன' என்ற புகையிரதத் தரிப்பிடமும் உண்டு. பெட்டியோடு வந்து இறங்கும் புதுமுக மாணவர் பலருக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் காட்சி அங்கேதான் கிடைக்கிறது.

உள்ளே கட்டில், மேசை, கதிரை, அலுமாரி கொண்ட சிறிய அறைகள், எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் உணவுக்கூடம், பத்திரிகை படிக்கவும் கேரம் ஆடவும் ஒரு பொது அறை ஆகியவை இருக்கும். விடுதியை நடத்தும் பொறுப்பு வார்டனுக்கு உரியது. அவருக்குத் துணையாக இளம் விரிவுரையாளர்கள் உப வார்டன்களாக இருப்பார்கள். இது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைப் பார்த்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு. மாணவர் அறிவில் ஒரு பங்கு விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, உணவு மேசையிலும் இரவுப் பேச்சிலும் வளர்கிறது என்ற நம்பிக்கை அதன் அடித்தளம்.

பெயர்கள்

விடுதிகளின் பெயர்ப் பட்டியலே இலங்கையின் பொதுவாழ்வுக்கு ஒரு சுருக்க வரலாறு. அருணாசலம் விடுதி பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடிக்கு உரியது. இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரும் அவரே. இராமநாதன் விடுதி அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரைக் கொண்டது. யாழ்ப்பாணத்தில் இராமநாதன் கல்லூரியையும் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவியவர் இவர். பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியது.

ஜயதிலக்க விடுதி சேர் டி. பி. ஜயதிலக்கவையும், ஜேம்ஸ் பீரிஸ் விடுதி சேர் ஜேம்ஸ் பீரிஸையும், மார்ஸ் விடுதி பழைய பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபர் ரொபர்ட் மார்ஸையும் நினைவுகூர்கின்றன. அக்பர்-நெல் விடுதியின் பெயரில் ஒரு முஸ்லிம் நீதியரசரும் ஒரு பறங்கிய மருத்துவரும் இணைந்திருக்கிறார்கள். பெண்கள் விடுதிகளில் சங்கமித்தா, வெள்ளரசுக் கிளையை இலங்கைக்குக் கொண்டுவந்த அசோகரின் மகள் பெயரைப் பெற்றது. ஹில்டா ஒபேசேகர விடுதியும் பழைய பெண்கள் விடுதிகளில் ஒன்று. பின்னர் எழுந்த விடுதிகளுக்குப் பல்கலைக்கழகம் தன் சொந்த மனிதர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டது. பாளி அறிஞர் குணபால மலலசேகர, நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர, ஐவர் ஜெனிங்ஸ் ஆகியோர் பெயரில் இன்று விடுதிகள் உள்ளன.

ஒரே கூரையின் கீழ்

1960களின் தொடக்கத்தில் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது அதனால்தான். அதே மாற்றம் வகுப்புகளை மொழிவாரியாகப் பிரித்தும் விட்டது. காலையில் தனித்தனி விரிவுரைக்குப் போன சிங்கள, தமிழ் மாணவர்கள் மாலையில் திரும்பி வந்தது ஒரே விடுதிக்கு. ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றார்கள். ஒரே பொது அறையில் பத்திரிகைக்குக் காத்திருந்தார்கள். அடுத்த சமூகத்தோடு பழக மிச்சமிருந்த முக்கிய இடம் விடுதியாகவே இருந்தது.

கலைக்கும் இந்த வதிவிட வாழ்க்கை துணை நின்றது. சரச்சந்திரவின் 'சிங்ஹபாகு' நாடகம் 1961இல் வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் மேடையேறியது. அந்த அலையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1965இல் உருவான 'இராவணேசன்' அதன் உச்சம். இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. அடவும் பாட்டும் உடம்பில் ஏறும்வரை நாள்தோறும் கூடிப் பழகவேண்டிய கலை கூத்து. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார் என்று வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் தங்கியிருந்த ஒரு வளாகத்துக்கு அது இயல்பாகப் பொருந்தியது. தமிழ் மாணவர் வாழ்க்கையின் இன்னொரு மையம் வளாகத்துக் குன்றின் மேல் உள்ள குறிஞ்சிக் குமரன் ஆலயம்.

இந்தக் கூரை உடைந்த நாட்களும் உண்டு. 1983 மே மாதம், நாடெங்கும் தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். பக்கத்து அறைக்காரனே எதிரியான அந்த அனுபவம் ஒரு தலைமுறையின் நினைவில் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது. 1987க்கும் 1989க்கும் இடையில் கிளர்ச்சியும் அடக்குமுறையும் நாட்டை உலுக்கியபோது பல்கலைக்கழகங்களே நீண்ட காலம் மூடிக் கிடந்தன.

இட நெருக்கடி

ஜெனிங்ஸ் கண்ட பல்கலைக்கழகம் அளவில் சிறியது. அவர் 1955இல் விலகிய பின் இலவசக் கல்வியின் பயன் பரவப் பரவ அனுமதி எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. 1960களில் மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல் பீடங்களும் பேராதனையில் வேரூன்றின. பொறியியல் பீடம் மகாவலியின் மறுகரையில் அமைந்தது. ஒருவர் இருந்து படிக்கத் திட்டமிட்ட அறையில் இருவர், பிறகு மூவர், நால்வர் என்று கட்டில்கள் பெருகின. இராமநாதன் விடுதிபோலச் சில, காலத்தின் தேவைக்கேற்ப ஆண்களிடமிருந்து பெண்களுக்குக் கைமாறின. சடங்கோடு கூடிய இரவு உணவு வழக்கொழிந்து, உணவுக்கூடங்கள் கன்டீன்களாயின.

பகிடிவதை

விடுதிகளின் வரலாற்றில் மிகக் கறைபடிந்த பக்கம், மூத்த மாணவர்கள் புதுமுகங்களைத் துன்புறுத்தும் பகிடிவதை. 1975இல் இராமநாதன் விடுதியில் விவசாயபீடத்து மாணவி ஒருவர், பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக மாடியிலிருந்து குதித்து, முதுகெலும்பு முறிந்து, நடக்க முடியாதவரானார். 1997இல் பொறியியல் மாணவர் ஒருவர் கொடூரமான உடற்பயிற்சிகளுக்கு உட்படுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்.

இந்த மரணம் எழுப்பிய கொந்தளிப்பின் பின்னணியில்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதை புரிவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ நேர்ந்தால் தண்டனை பத்து ஆண்டுகள் வரை நீளும். சட்டம் வந்த பிறகும் வழக்கம் ஒழியவில்லை. புதுமுக மாணவர்களைத் தனி விடுதியில் அமர்த்துவது, இரவில் உப வார்டன்கள் சுற்றி வருவது போன்ற ஏற்பாடுகளின் தேவை இதிலிருந்தே பிறக்கிறது. முதலாண்டுப் பிள்ளை எந்த விடுதியில் தங்கப்போகிறார் என்பதைவிட, அங்கே இரவில் பொறுப்பானவர் யார் இருப்பார் என்று பெற்றோர் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இன்றைய ஒதுக்கீடு

இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் விடுதி இடம் விண்ணப்பத்தின் பேரில் கிடைக்கிறது. வீட்டின் தூரம், குடும்ப வருமானம், கல்வியாண்டு ஆகியவை கணக்கில் எடுக்கப்படும். பொதுவாக முதலாண்டு, இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை. இடைப்பட்ட ஆண்டுகளில் இடம் கிடைக்காதவர்கள் ஹிந்தகல, பெனிதெனிய போன்ற சுற்றுக் கிராமங்களில் போடிங் (தனியார் வாடகைத் தங்குமிடம்) எடுக்கிறார்கள். விடுதிக் கட்டணம் போடிங் வாடகையோடு ஒப்பிட மிகக் குறைவு. 1981இல் ஏற்படுத்தப்பட்ட மகாபொல நிதியத்தின் உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு விடுதியில் ஒரு கட்டில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதையே தீர்மானிக்கும் விஷயமாகிவிடலாம்.

வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பேராதனை காப்பாற்ற வேண்டுமானால், ஆண்டுதோறும் எத்தனை மாணவரை எடுப்பது என்று முடிவெடுக்கும் அதே கூட்டத்தில் எத்தனை கட்டில்கள், எத்தனை வார்டன்கள் என்பதையும் முடிவுசெய்யவேண்டும். அனுமதிக் கடிதத்தோடு தங்குமிட உறுதியும் சேர்ந்து வருவதைத் தூரத்து மாவட்டங்களின் மாணவர்கள் உரிமையாகவே கேட்கலாம்.