வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்குத் துணை

பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. ஆனால் அப்பொறுப்பில் குடும்பத்திற்குச் சமூகம் முழுவதன் உதவியும் தேவை என்றும் அது சொன்னது.

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதை நாம் கண்கூடாகக் கண்டோம். பிள்ளைகள் பாடத்தை மட்டுமல்ல, தோழமையையும் இழந்தார்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தார்கள்.

இன்று முழுமையாக வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகள் 14 வயது நிறைந்தபின், தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. பழக நண்பர்கள் வேண்டும். அருகிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடலாம். விழுப்புரம், திண்டிவனம் நூலகங்கள், விளையாட்டுத் திடல்கள், பங்கின் மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றையும் பயன்படுத்தலாம்.

இத்தகைய குடும்பத்தைச் சந்தித்தால், "ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை?" என்று கேட்குமுன், "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்போமா?