கிறிஸ்துகுலம்

கிறிஸ்து + குலம். ‘கிறிஸ்து’ என்பது ‘அபிஷேகம் பெற்றவர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. வடசொல்லான ‘குலம்’ குடும்பம், மரபு, வீடு ஆகியவற்றைக் குறிக்கும். குருவின் இல்லத்தில் தங்கிக் கற்பது குருகுலம். கிறிஸ்துவைத் தலைவராகக் கொண்டு கூடி வாழ்வது கிறிஸ்துகுலம். சாதியைச் சுட்டும் ‘குலம்’ பிறப்பால் அமைவது. இக்குலம் விசுவாசத்தால் அமைவது.

1921இல் மருத்துவர்கள் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தியரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய ஆசிரமத்துக்கு இதுவே பெயர். மணம் புரியாத இருவரும் அங்கே உறவுமுறையாலேயே அழைக்கப்பட்டனர்: ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். திராவிடக் கோயில் பாணியில் எழுந்த ஜெபாலயத்தில் வழிபாடு, மருத்துவமனையில் ஏழைகளுக்குச் சிகிச்சை, கதர் உடை, எளிய உணவு ஆகியவை ஆசிரம வாழ்வின் கூறுகள். இறையுறவும் குடும்ப உறவும் ஒன்றாகப் பேணப்படுவதையே இச்சொல் உணர்த்துகிறது.