சவுக்குக் குழிகளும் சென்னைக் கிணறுகளும்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது சென்னையிலும் அதன் வடக்குக் கரையிலும் இருவகை மலேரியா நிலவியது. எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி, பழவேற்காடு வழியாக நெல்லூர்வரை நீளும் மணற்பாங்கான கரையில் ஒன்று. வீட்டுக்கு வீடு கிணறு கொண்ட மாநகரத் தெருக்களில் மற்றொன்று. கொசு வேறு, இடம் வேறு. ஆனால் இரண்டுக்கும் வித்து மனிதர் தம் தேவைக்குத் தேக்கிய தண்ணீர்தான்.

கரையோர மலேரியாவுக்குச் சவுக்குத் தோப்புகளோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னையின் அடுப்புகளுக்கு வேண்டிய விறகு இத்தோப்புகளில் விளைந்து, பக்கிங்காம் கால்வாயில் படகேறி நகரம் சேர்ந்தது. சவுக்கங்கன்று மணலில் வேர்பிடிக்கும்வரை கையால் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அங்கே சில அடி தோண்டினாலே ஊற்று சுரக்கும் என்பதால், தோப்பு நெடுகக் குழிகள் வெட்டி, குடத்தால் மொண்டு ஊற்றினார்கள். வெயில் படும் அந்தத் தெளிந்த நீர், அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசு முட்டையிட ஏற்ற இடம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மலேரியா அறிஞர் பால் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் இந்தக் கரையை விரிவாக ஆராய்ந்தனர். ஆய்வு 1942-ல் வெளிவந்தது. நோய்க்குச் சதுப்பு நிலத்தைக் குறைசொல்லிப் பழகிய காலத்தில், பிழைப்புக்காக வெட்டிய குழியைச் சுட்டிக்காட்டியது பெரிய காரியம்.

அதே ஆண்டில் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்ட கொயினா மருந்தில், உலகின் பெரும்பங்குக்கு மூலப்பொருளான சின்கோனா பட்டை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் அரசுத் தோட்டங்கள் இருந்தும், அவற்றின் விளைச்சல் தேவைக்குப் போதவில்லை. படைகளுக்குப் போக மிஞ்சியதே மக்களுக்கு. குளிர்காய்ச்சல் கண்டவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடப்பதைத் தவிர, பல குடும்பங்களுக்கு வேறு வழியில்லை.

போருக்குப் பின் வந்த பூச்சிக்கொல்லியான டி.டி.டி. நிலைமையை மாற்றியது. அதற்கு முன்னோட்டம் தமிழ் மண்ணிலேயே நடந்திருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ரஸ்ஸல் குழுவினர் வீடுகளுக்குள் பைரீத்ரம் தெளித்து, வளர்ந்த கொசுக்களைக் கொன்று மலேரியாவைக் குறைத்துக் காட்டினர். பைரீத்ரத்தின் வீரியம் விரைவில் போய்விடும்; அடிக்கடி தெளிக்க வேண்டும். சுவரில் படிந்த டி.டி.டி.யோ மாதக்கணக்கில் கொல்லும். ரத்தம் குடித்த கொசு சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும் வழக்கமே அதற்கு எமனாயிற்று.

சுதந்திரம் அடைந்த காலத்தில் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வாடினர், எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது; 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியது. தெளிப்பான் சுமந்த பணியாளர்கள் மண்சுவர், கூரையின் உட்புறம், மாட்டுக்கொட்டில் என எதையும் விடாமல் தெளித்து, தேதியைச் சுவரில் குறித்துவிட்டுப் போனார்கள். பொங்கலுக்குச் சுவரை மெழுகி வெள்ளையடித்தால் மருந்து அடியில் மறைந்துவிடும். பண்டிகை நாளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. 1960-களின் நடுவில் நாட்டின் நோயாளிகள் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகச் சுருங்கியது. பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்கு இணையான வெற்றி அரிது.

மாநகரத்துக்கு இந்த வெற்றி முழுதாகக் கிட்டவில்லை. 1941-ல் ஏழே முக்கால் லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை, 1946-ல் எல்லை விரிந்ததும் சேர்ந்து 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டியது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டும் குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் எட்டவில்லை. கிணறும் தொட்டியும் இன்றியமையாதவையாகவே நீடித்தன. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி வளர்ந்தது அவற்றில்தான். சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்திருந்தது. கொசு வளரும் நீர்நிலைகள்மீது நடவடிக்கை எடுக்க அதில் இடமும் இருந்தது. ஆனால் தண்ணீருக்கு வேறு வழி காட்டாமல் ஒரு வீட்டின் கிணற்றை மூடச் சொல்வது எந்தச் சுகாதார அலுவலருக்கும் எளிதல்ல.

தேசியத் திட்டம் கிராமங்களில் மருந்து தெளித்தபோது, பெரிய நகரங்களில் கொசுப்புழுவை அழிக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் விட்டது. இது கணக்குப் பிழை என்பதைக் காலம் காட்டியது. நகரத்தில் தங்கிய நோய், பயணம் செய்வோர் உடலில் ஏறிக் கிராமங்களுக்குத் திரும்பக்கூடியது. டி.டி.டி.க்குக் கொசுக்கள் பழகிப்போனதும், மேற்பார்வை தளர்ந்ததும் சேர்ந்துகொள்ள, 1976-ல் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா பதிவாயிற்று. நகரங்களுக்கென நகர்ப்புற மலேரியா திட்டம் 1971-ல்தான் வந்தது. அதன்பின் சென்னையில் கிணறுகளோடு மொட்டைமாடித் தொட்டிகளும் சோதனைக்குள் வந்தன. மூடியில்லாத தொட்டிகளில் புழுக்கொல்லி இடுவது வழக்கமாயிற்று. அப்படியிருந்தும், தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னையிலேயே பதிவாகிவந்தது.