1474 கிராம்: ஒரு விதியின் கதை

சின்னனில ரிமோட் கார் வைத்து விளையாடின எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும். பாரம் குறைஞ்ச கார்தான் வேகமா ஓடும் எண்டு. அப்படியெண்டால் மண் பாதையில் நடக்கும் ரேடியோ கார்ப் பந்தயங்களில், 'இதை விடப் பாரம் குறையக் கூடாது' எண்டு ஏன் விதி வைத்திருக்கிறார்கள்?

ஐரோப்பிய விதிப்படி, நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவான இருசக்கர உந்துதல் கார் ஆகக் குறைஞ்சது 1474 கிராம் இருக்க வேண்டும். நான்கு சக்கர உந்துதலுக்கு 1588. ஏன் 1500, 1600 இல்லை? அவுன்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், 52உம் 56உம் வரும். அந்த எண்களுக்குள் ஒரு பழைய காலம் ஒளிஞ்சிருக்கு.

1979இல் ஜப்பானின் டமியா நிறுவனம் 'சாண்ட் ஸ்கோச்சர்' காரை வெளியிட்டது. உலோக சஸ்பென்ஷன், தண்ணி போகாத ரேடியோப் பெட்டி, நல்ல பாரம். பார்க்க நிஜக் கார் மாதிரி, ஆனால் பந்தயத்துக்கெண்டு செய்ததில்லை. 1984இல் அமெரிக்காவின் ரீம் அசோசியேட்டட், ரோஜர் கேர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்சி10ஐக் கொண்டு வந்தது. அலுமினியச் சேஸி, எண்ணெய் நிரப்பிய ஷொக்குகள். அடுத்த வருசம் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் உலகப் போட்டியில், ஜே ஹோல்சி அந்தக் காரில்தான் இருசக்கரப் பிரிவை வென்றார்.

ஆர்சி10இல் மோட்டர் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். இளகின மண்ணில் அந்தப் பாரம் பின் ரயர்களை அழுத்திப் பிடி கொடுக்கும். ஆனால் வளைவில் வால் வீசும், முன் சக்கரம் வழுக்கும். பாரம் எவ்வளவு எண்டதை விட, எங்கே எண்டதுதான் காரின் குணத்தைத் தீர்மானிக்குது.

பாரம் கூடக்கூட ரயரின் பிடியும் கூடும், ஆனால் அதே அளவுக்குக் கூடாது. அதனால பாரமான கார் வளைவில் பின்தங்கும், பாய்ந்து விழும்போது பலமா அடிபடும். மறுபக்கம், குண்டும் குழியுமான பாதையில் பாரம் குறைஞ்ச உடலைச் சக்கரங்களே தூக்கி எறிஞ்சு விடும். ஓட்டுனருக்கு இரண்டும் தலையிடிதான்.

பிறகு பற்றரி மாறினது. ஆறு செல் கொண்ட நிக்கல் பற்றரி கடைசிக் காலத்தில் 400 கிராமை எட்டினது. இண்டைக்குக் குட்டையான லித்தியம் பற்றரி ஏறக்குறைய அதில் பாதிதான். பாதைகளும் கம்பளம், செயற்கைப் புல் எண்டு மாறப் பிடி தாராளமாக் கிடைச்சது. மோட்டர் அச்சுக்கு முன்னால் நகர்ந்தது. 2011இல் வந்த டிஎல்ஆர் 22இல் மோட்டரை இரண்டு இடத்திலும் பூட்டலாம்.

கார் மெலிஞ்சது, எண் மாறவில்லை. இப்போ ஓட்டுனர்கள் பித்தளைத் தகடு வாங்கி, அரைக்கும் பாதையில் அடியிலும் முன்னாலும் பின்னாலும் பூட்டி 1474ஐ நிரப்புகிறார்கள்.

ஆகக் குறைஞ்ச பாரம் எண்டு ஒண்டு இருந்தால், காசுள்ளவன் விலையுயர்ந்த உலோகத்தைப் போட்டு மெலிய வைச்சு வெல்ல முடியாது எண்டுதான் தோன்றும். உண்மையில் மெலிஞ்ச கார் வைத்திருப்பவனுக்குத்தான் மிச்சப் பாரத்தை விரும்பின இடத்தில் வைக்கும் சுதந்திரம் கிடைக்குது. பாரமான பழைய கார் வைத்திருப்பவனுக்கு அந்தத் தெரிவே இல்லை. எல்லாரையும் தராசில் சமப்படுத்தும் விதி, பாதையில் சமப்படுத்தவில்லை.

வரலாறு படிக்கிற நாங்கள் ஒரு விதியை யார் எழுதினார்கள் எண்டு கேட்கப் பழகியிருக்கிறம். அது எழுதப்பட்ட பிறகு சுத்தி என்னவெல்லாம் மாறினது எண்டும் கேட்கவேணும்.