பெயரற்ற கற்கள்

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் மான்டிசெல்லோப் பண்ணையில் இருவகை இடுகாடுகளைக் காண்கிறோம். ஒன்று, மாந்தர் யாவரும் சமமென 1776 இல் சுதந்திரப் பிரகடனம் வரைந்த தாமஸ் ஜெஃபர்சனின் குடும்பத்தாருடையது, 1773 இல் தோன்றியது, இன்றும் பேணப்படுவது. மற்றொன்று அவர்தம் அடிமைகளுடையது. அங்குள்ளவை வெறுங்கற்களே.

இது கைவிடப்பட்டது ஏன்? உற்றார் மறந்தனர் என நம் இளைஞர் எண்ணலாகாது. 1826 இல் ஜெஃபர்சன் கடனாளியாய் மறைந்தார். 1827 சனவரியில் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தனர். குடும்பங்கள் வெவ்வேறு எசமானரிடம் சிதறின. பின்னர்ப் புல்செதுக்க யார் எஞ்சுவர்?

பிற்காலத்தில் அதனருகே வண்டிகள் நின்றன. 2001 இல் ஆய்வாளர் மேல்மண் அகற்றி, 40க்கும் மேற்பட்ட குழிகள் உண்டெனக் கணித்தனர். ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கேட்டில் அடிமைகளின் பெயரும் பிறந்த ஆண்டும் அளித்த போர்வையும் பதிவாகியுள்ளன. எக்குழியில் எவர் என்பது மட்டும் இல்லை.